பனிமலை மீது டாங்கி ஏற்றிய தளபதி! குன்னூரில் படித்த ஜெனரல் திம்மையாவின் வீர வரலாறு

குன்னூர் மலையில் அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையன் ஒருவன், பிற்காலத்தில் இந்திய ராணுவத்துக்கே தலைமை தளபதி ஆனான். காஷ்மீரில் 11 ஆயிரத்து 500 அடி உயரத்தில், கழுதை போகவே பயப்படுகிற பாதையில் டாங்கிகளை ஏற்றி எதிரியை ஓட ஓட விரட்டினான். கடைசியில் சைப்ரஸ் என்ற தீவில், யாரோ இரண்டு தரப்பினரின் சண்டையை விலக்கிவிடப் போன இடத்தில் உயிரை விட்டான்.

அந்தப் பையன்தான் ஜெனரல் கே.எஸ்.திம்மையா.

பக்கத்து குடகு மலைக்காரர். ஆனாலும் தமிழ்நாட்டோடு அவருக்கு தொடர்பு ஒன்றல்ல, பல. குன்னூர் படிப்பு, சென்னையில் வேலை, போர்க்களத்தில் கைகொடுத்த மெட்ராஸ் பட்டாளம் என்று அவர் வாழ்க்கை முழுக்க இந்தப் பக்கத்து வாசம் அடிக்கும்.

காபி தோட்டத்து பிள்ளை

1906-ம் ஆண்டு மார்ச் மாதம் குடகு மாவட்டம் மடிக்கேரியில் பிறந்தார் திம்மையா. முழுப்பெயர் கோதண்டேர சுப்பையா திம்மையா. வீட்டில் செல்லமாக டுப்பு என்று கூப்பிடுவார்கள். ராணுவத்துக்கு போன பிறகு வெள்ளைக்கார நண்பர்கள் டிம்மி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயர் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

குடும்பம் வசதியானது. காபி தோட்டம் இருந்தது. அம்மா சீதம்மா அந்தக் காலத்திலேயே நன்றாகப் படித்தவர். மொத்தம் 6 பிள்ளைகள். அதில் ஆண்கள் 3 பேர். பொன்னப்பா, திம்மையா, சோமையா. மூன்று பேருமே பட்டாளத்துக்கு போனார்கள். குடகில் இது ஆச்சரியம் இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி சுடுகிற வழக்கம் உண்டு.

8 வயதில் திம்மையாவை குன்னூருக்கு அனுப்பினார்கள். அயர்லாந்து நாட்டு சகோதரர்கள் நடத்திய செயின்ட் ஜோசப் பள்ளிக்கூடம். விடுதி வாசம். கண்டிப்புக்கு பெயர்போன இடம். அப்புறம் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளி. அங்கிருந்து டேராடூனில் இருந்த ராணுவ பள்ளி. அதையும் முடித்து இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ கல்லூரிக்கு தேர்வானார்.

அந்தக் கல்லூரிக்கு இந்தியர்களை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் எடுப்பார்கள். 1926 பிப்ரவரியில் அதிகாரியாக வெளியே வந்தபோது அவருக்கு 20 வயதுகூட முடியவில்லை.

வெளியே வந்தால் மட்டும் போதுமா? வெள்ளைக்கார அதிகாரிகள் கூடுகிற பல கிளப்களில் இந்திய அதிகாரிக்கு இடம் கிடையாது. சட்டையில் ஒரே மாதிரி நட்சத்திரம், சாயங்காலம் ஆனால் வேறு வேறு வாசல். இந்த அவமானத்தை அந்த தலைமுறை இந்திய அதிகாரிகள் எல்லாருமே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள்.

வேலையை விட்டுவிடலாமா?

ஐதராபாத் ரெஜிமெண்டில் சேர்ந்தார் திம்மையா. இன்றைக்கு குமாவூன் ரெஜிமெண்ட் என்று சொல்கிறோமே, அதுதான். பாக்தாத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு அலகாபாத் வந்தார்.

அலகாபாத் அப்போது சுதந்திர போராட்டத்தில் கொதித்துக்கொண்டு இருந்தது. நேரு குடும்பத்தின் ஊர். தெருவில் நம் ஆட்கள் கொடி பிடிக்கிறார்கள், நாம் வெள்ளைக்காரன் கொடுத்த உடுப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று திம்மையாவுக்கு உறுத்தியது. வேலையை ராஜினாமா செய்துவிடலாமா என்று மோதிலால் நேருவிடமே போய் யோசனை கேட்டார்.

மோதிலால் நேரு சொன்ன பதில் வேறு மாதிரி இருந்தது. விட்டுவிடாதே, உள்ளேயே இருந்து தொழிலை கற்றுக்கொள், சுதந்திரம் வந்தபிறகு நாட்டுக்கு பயிற்சி பெற்ற அதிகாரிகள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பிற்காலத்தில் இந்த மோதிலாலின் மகனிடம்தான் திம்மையா ராஜினாமா கடிதம் கொடுக்கப்போகிறார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

1935 ஜனவரியில் திம்மையாவுக்கு நீனாவுடன் கல்யாணம் நடந்தது. புது மாப்பிள்ளையாக குவெட்டா நகரத்துக்கு குடித்தனம் போனார்கள். மே 31-ந் தேதி அதிகாலையில் அந்த ஊரை பூகம்பம் தரைமட்டம் ஆக்கியது. செத்தவர்கள் 30 ஆயிரம் பேருக்கு மேல். கணவர் இடிபாடுகளில் இறங்க, மனைவி காயம்பட்டவர்களுக்கு சேவை செய்தார். அதற்காக நீனாவுக்கு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. கல்யாணம் ஆகி 5 மாதம்கூட ஆகாத பெண்!

சென்னையில் மாணவர்களுக்கு பயிற்சி

1936 ஏப்ரலில் அவருக்கு சென்னைக்கு மாறுதல் வந்தது. பல்கலைக்கழக பயிற்சி படையில் அட்ஜுடன்ட் வேலை. கல்லூரி பையன்களுக்கு அணிவகுப்பு, துப்பாக்கி பிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்கிற படை அது. இப்போதைய என்.சி.சி.க்கு முன்னோடி என்று சொல்லலாம். போர்க்களம் பார்க்க ஆசைப்பட்ட அதிகாரிக்கு இது சாதாரண வேலைதான். ஆனாலும் சென்னை கல்லூரி மாணவர்கள் அன்றைக்கு பார்த்த இந்திய ராணுவ அதிகாரிகள் ரொம்ப குறைவு. அதில் இவர் ஒருவர்.

அதற்குப் பிறகு சிங்கப்பூர். அங்கே அவருடைய பட்டாலியன் முகாம் போட்டு இருந்தது. 2-ம் உலகப்போர் நெருங்கிக்கொண்டு இருந்த சமயத்தில் அவர் இந்தியாவுக்கு திரும்பினார். திரும்பியதால் தப்பித்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஆயிரக்கணக்கான இந்திய சிப்பாய்கள் கைதானார்கள். அவருடைய பழைய பட்டாலியனும் மாட்டிக்கொண்டது.

அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம்

கைதானவர்களில் திம்மையாவின் அண்ணன் பொன்னப்பாவும் ஒருவர். அவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அதாவது அண்ணன் ஜப்பான் பக்கம் நின்று பிரிட்டிஷ்காரனை எதிர்க்கிறார். தம்பி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஜப்பானை எதிர்க்கிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது நாட்டு விடுதலைதான். வழிதான் வேறு. மடிக்கேரியில் இருந்த அந்தத் தாயின் மனது என்ன பாடுபட்டு இருக்கும்!

பர்மாவின் அரக்கான் காட்டில் திம்மையாவுக்கு பட்டாலியன் கமாண்டர் பொறுப்பு கிடைத்தது. அவர் இருந்த 51-வது பிரிகேடில் ஒரு விசேஷம். அதன் மூன்று பட்டாலியன்களுக்கும் கமாண்டர்கள் இந்தியர்கள். திம்மையா, தோரட், எல்.பி.சென். இந்தியனுக்கு சிப்பாய் வேலை தெரியும், படை நடத்த தெரியாது என்று பேசிக்கொண்டு இருந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நடந்த பரீட்சை மாதிரி ஆகிவிட்டது அது.

1945 ஜனவரி, பிப்ரவரியில் கங்கா என்ற இடத்தில் கடும் சண்டை. நம்ம கங்கை நதி இல்லை, பர்மா கடற்கரை ஓரத்து கிராமம். பின்வாங்கி ஓடும் ஜப்பானியர்களின் பாதையை அங்கே மறிக்க வேண்டும். சதுப்பு நிலம், சேறு, இடுப்பளவு தண்ணீர். ஜப்பான்காரன் சரணடைய மாட்டான், சாகிற வரைக்கும் சுடுவான். மூன்று இந்திய கமாண்டர்களும் நின்று ஜெயித்தார்கள். மூன்று பேருக்கும் டி.எஸ்.ஓ. என்ற உயர்ந்த வீர விருது கிடைத்தது. பரீட்சையில் மூன்று பேரும் பாஸ்.

கொஞ்ச நாளில் 36-வது பிரிகேடின் தலைமை திம்மையாவுக்கு வந்தது. உலகப்போர் களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய முதல் இந்தியர் அவர்தான்.

1945 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஜப்பான் முறைப்படி சரணடைந்தபோது, மவுண்ட்பேட்டன் பிரபுவோடு இந்திய ராணுவத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்து இருந்தவரும் பிரிகேடியர் திம்மையாதான். அடுத்த ஆண்டு ஜப்பானுக்கே போய் அங்கே நிறுத்தப்பட்ட இந்திய பிரிகேடுக்கு தலைமை தாங்கினார்.

பிரிவினை கொடுமை

1947-ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. பஞ்சாபில் ரெயில் ரெயிலாக பிணங்கள். மேஜர் ஜெனரலாக பதவி உயர்வு பெற்ற திம்மையாவுக்கு அங்கேதான் முதல் வேலை. எல்லை தாண்டி மைல் கணக்கில் நீளும் அகதிகள் கூட்டத்துக்கு பாதுகாப்பு கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் வருகிற இந்துக்களும் சீக்கியர்களும், அந்தப் பக்கம் போகிற முஸ்லிம்களும் உயிரோடு போய்ச் சேர வேண்டும். வெட்டுவதற்கு காத்திருந்த கும்பல்கள் இரண்டு பக்கமும் இருந்தன. எதிரி இல்லாத போர் என்றால் அதுதான். சுட்டால் சாவது நேற்றுவரை அண்டை வீட்டுக்காரன்.

அதற்குள் காஷ்மீரில் தீப்பற்றிக்கொண்டது.

லடாக் போய்விடும் அபாயம்

1948 மே மாதம் காஷ்மீர் பள்ளத்தாக்கு பகுதியில் திம்மையா டிவிஷன் கமாண்டராக பொறுப்பேற்றார். நிலவரம் மோசம். பாகிஸ்தான் தரப்பில் இருந்து வந்த படைகள் கார்கில், திராஸ் என்று ஒவ்வொன்றாக பிடித்துவிட்டன. சோஜி லா கணவாயும் அவர்கள் கைக்கு போனது. ஸ்ரீநகரில் இருந்து லே நகரத்துக்கு போக இருந்த ஒரே வழி அந்தக் கணவாய்தான். அதை அடைத்துவிட்டால் லடாக் தனித்தீவு மாதிரி ஆகிவிடும். லே நகரத்தில் கைப்பிடி அளவு சிப்பாய்கள்தான் இருந்தார்கள்.

ரோடு இல்லை என்றால் ஆகாயம் இருக்கிறதே! விமானப்படையின் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை எடுத்தார். உள்ளூர் மக்கள் கையால் சமப்படுத்திய மண் தரைதான் ரன்வே. 10 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். வழியில் வானத்தை முட்டும் இமயமலை சிகரங்கள். அந்த டகோட்டா அவ்வளவு உயரத்தில் பறக்க செய்யப்பட்டதே இல்லை. இறங்க முடியுமா, இறங்கினால் மறுபடி ஏற முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

1948 மே 24-ந் தேதி அந்த விமானம் லே மண்ணில் இறங்கியது. உள்ளே இருந்து இறங்கியவர் ஜெனரல் திம்மையா. முதல் விமானத்தில் பயணியாக தானே ஏறிப்போனார். டிவிஷன் கமாண்டர் போகத்தான் வேண்டும் என்ற சட்டம் ஒன்றும் இல்லை. அவர் போனதும் பின்னாலேயே கூர்க்கா சிப்பாய்களை விமானங்கள் கொண்டுவந்து இறக்கின. லே தப்பித்தது.

ஆனால் ஸ்கர்டு தப்பவில்லை. அங்கே கோட்டைக்குள் லெப்டினன்ட் கர்னல் ஷேர் ஜங் தாப்பா பிப்ரவரியில் இருந்து முற்றுகையில் இருந்தார். உதவிக்கு அனுப்பிய படைகள் வழியிலேயே மடக்கப்பட்டன. தோட்டா தீர்ந்து, சாப்பாடு தீர்ந்து ஆகஸ்டு 14-ந் தேதி ஸ்கர்டு விழுந்தது. ஆறு மாதம் தாக்குப்பிடித்தவர்களை காப்பாற்ற முடியாமல் போனது காஷ்மீர் போரின் பெரிய சோகம். வழி திறக்காவிட்டால் லேவுக்கும் இந்த கதிதான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. குளிர்காலம் வேறு நெருங்கிக்கொண்டு இருந்தது.

கணவாயில் விழுந்த அடி

செப்டம்பரில் பாராசூட் பிரிகேடு சோஜி லா மீது பாய்ந்தது. இரண்டு பக்கமும் செங்குத்து பாறை. பாறை குகைகளுக்குள் எந்திர துப்பாக்கிகளோடு எதிரிகள். நடுவில் ஒடுங்கலான பாதை. கீழே இருந்து ஏறுகிறவனை குருவி சுடுவது மாதிரி சுடலாம். ஒரு முறை அல்ல, மறுபடியும் முயன்று பார்த்தார்கள். நம் தரப்பில் உயிர்கள் போனதுதான் மிச்சம். விமான குண்டும் குகைக்குள் புகவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. டாங்கி!

கேட்டவர்கள் சிரித்து இருப்பார்கள். 11 ஆயிரத்து 500 அடி உயரத்துக்கு டாங்கி போனதாக உலகத்திலேயே கதை கிடையாது. பாதை என்று இருந்தது கோவேறு கழுதை போகிற ஒற்றையடி தடம். ஆனால் எதிரியிடம் டாங்கியை உடைக்கிற ஆயுதம் பெரிதாக இல்லை, டாங்கி வரும் என்று அவன் கனவிலும் நினைக்க மாட்டான். அதுதான் திம்மையா போட்ட கணக்கு. மேலதிகாரியாக இருந்தவர் இன்னொரு குடகு ஆள், கரியப்பா. அவரும் சரி என்றார்.

ரோடு போட்ட நம்ம தம்பிகள்

திட்டம் போடுவது சுலபம். ரோடு போடுவது யார்? மெட்ராஸ் சாப்பர்ஸ்!

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது ராணுவத்தின் என்ஜினீயர் படை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, வெடி வைப்பது இவர்கள் தொழில். ராணுவத்தில் இவர்களுக்கு செல்லப்பெயரே தம்பி. வடநாட்டு சிப்பாய்கூட தம்பி என்றுதான் கூப்பிடுவான். வெயில் ஊரில் பிறந்த இந்த தென்னாட்டு ஆட்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் சோஜி லா அடிவாரத்தில் பால்டாலில் கூடாரம் அடித்தார்கள்.

கொட்டுகிற குளிர். மேலே எதிரியின் துப்பாக்கி. கையில் கடப்பாரை, வெடிமருந்து. பாறையை உடைத்து, பள்ளத்தை நிரப்பி, கழுதை பாதையை டாங்கி போகிற அகலத்துக்கு கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். அவர்கள் சுட்ட தோட்டா குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் போட்ட அந்த ரோடு இல்லை என்றால் சோஜி லா வெற்றி கிடையாது. சினிமாவில் இப்படி ஒரு காட்சி வைத்தால் விசில் பறக்கும். ஏனோ பாடப்புத்தகத்தில்கூட நம் பிள்ளைகள் இதை படிப்பது இல்லை.

இன்னொரு பக்கம் 7-வது குதிரைப்படை ரெஜிமெண்டின் ஸ்டூவர்ட் ரக டாங்கிகள் ஜம்முவில் இருந்து புறப்பட்டன. பெயரில்தான் குதிரை, அவர்களிடம் இருந்தது டாங்கி. அதன் கமாண்டர் ரஜிந்தர் சிங். சிட்டுக்குருவி என்று பொருள்படும் ஸ்பாரோ என்பது அவருடைய பட்டப்பெயர். வழியில் இருந்த பாலங்கள் டாங்கியின் எடையை தாங்காது. அதனால் மேலே இருக்கிற பீரங்கி கூண்டை தனியாக கழற்றி எடுத்தார்கள். கழற்றியதில் இன்னொரு லாபம். பார்க்கிறவனுக்கு அது டாங்கி என்றே தெரியாது. ஸ்ரீநகரை தாண்டும்போது ஊரடங்கு போட்டு, தார்பாய் மூடி ரகசியமாக கொண்டுபோனார்கள். ஒற்றன் கண்ணில் பட்டுவிட்டால் எல்லாம் வீண்.

அக்டோபர் கடைசியில் தாக்குவதாக திட்டம். பனி கொட்டி கெடுத்தது. ஒவ்வொரு நாள் தாமதமும் வயிற்றில் புளியை கரைத்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் கணவாய் முழுக்க பனியில் மூடிவிடும், அடுத்த கோடைக்குத்தான் திறக்கும். அதுவரை லே தாங்காது.

நவம்பர் 1

1948 நவம்பர் 1. பனி பெய்துகொண்டே இருந்தது. இனி பொறுப்பது இல்லை என்று கிளம்பினார்கள். உறுமிக்கொண்டு டாங்கிகள் ஏற ஆரம்பித்தன. முன்னால் போன டாங்கியில் யார் தெரியுமா? டிவிஷன் கமாண்டர் திம்மையாவே!

இது சரியா தவறா என்று ராணுவ நிபுணர்கள் விவாதம் செய்யலாம். ஆயிரக்கணக்கான பேருக்கு பொறுப்பான ஜெனரல் முன் வரிசையில் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று வாதம் உண்டு. ஆனால் செப்டம்பரில் இரண்டு முறை அடிவாங்கி, கூட்டாளிகளை பறிகொடுத்த சிப்பாய்க்கு அந்த நேரத்தில் நிபுணர் வாதம் தேவைப்படவில்லை. தளபதி முன்னால் போகிறார், நாமும் போகலாம் என்ற தைரியம்தான் தேவைப்பட்டது.

குகைகளின் வாய்க்கு நேராக டாங்கி பீரங்கிகள் முழங்கின. எதிரிகள் திகைத்துப் போனார்கள். மேகத்துக்குள் இருந்து இரும்பு யானை வந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? துப்பாக்கியை போட்டுவிட்டு ஓடினார்கள். பின்னாலேயே காலாட்படை ஏறியது. அன்றைக்கே கணவாய் நம் கைக்கு வந்தது. அதே வேகத்தில் மட்டாயன், திராஸ் என்று பிடித்துக்கொண்டே போய் நவம்பர் 24-க்குள் கார்கிலையும் மீட்டார்கள். லேவுக்கு வழி திறந்தது. 1949 ஜனவரி 1-ல் சண்டை நிறுத்தம் வந்தபோது லடாக் இந்தியாவோடு இருந்தது என்றால், அதற்கு இந்த மூன்று வார பாய்ச்சல் முக்கிய காரணம்.

வெற்றியின் நடுவில் குடும்பத்துக்கு ஒரு அடியும் விழுந்தது. இதே காஷ்மீர் போரில்தான் திம்மையாவின் தம்பி சோமையா உயிரிழந்தார்.

கொரியாவில் கைதிகள் பஞ்சாயத்து

1953-ல் கொரியா போர் ஓய்ந்தது. ஆனால் ஒரு சிக்கல். பிடிபட்ட கைதிகளில் 22 ஆயிரத்துக்கும் அதிகமான வட கொரிய, சீன சிப்பாய்கள் சொந்த நாட்டுக்கு திரும்ப மறுத்தார்கள். எதிர்தரப்பிலும் 300-க்கு மேற்பட்டவர்கள் அப்படி அடம்பிடித்தார்கள். அதில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். இவர்களை பாதுகாத்து, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்ய 5 நாடுகள் அடங்கிய நடுநிலை கமிஷன் அமைத்தார்கள். தலைவர் திம்மையா. காவலுக்கு இந்திய சிப்பாய்கள் 5 ஆயிரத்துக்கும் மேல் போனார்கள்.

வரவேற்பே வில்லங்கம். தென் கொரிய அதிபர் சிங்மேன் ரீ இந்தியர்கள் தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கால் வைக்காமல் எப்படி போவது? கப்பலில் இருந்து இறங்கிய சிப்பாய்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, ராணுவம் இல்லாத எல்லைப்பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே அமைத்த கைதிகள் முகாம் பகுதிக்கு ஹிந்த் நகர் என்று பெயர்.

முகாமுக்குள் நிலவரம் நெருப்பு. கைதிகளுக்குள்ளேயே தாதா கோஷ்டிகள். ஊருக்கு போகிறேன் என்று சொன்னவனை இரவில் அடித்தே கொன்றார்கள். இந்திய சிப்பாய்கள் மீது கல் பறந்தது. சுட்டால் உலகம் கேள்வி கேட்கும், சுடாவிட்டால் முகாம் கைவிட்டுப் போகும். ஒருமுறை இந்திய மேஜர் ஒருவரை கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காவல் படைக்கு தலைவராக வந்திருந்த பழைய பர்மா கூட்டாளி தோரட், ஆயுதம் இல்லாமல் நடுவில் போய் உட்கார்ந்து பேசி மீட்டார்.

கடைசியில் 90 நாள் கெடு முடிந்தது. மனம் மாறி ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்பேர்தான். மிச்சம் இருந்தவர்களை என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பிடித்தவர்களிடமே திருப்பி ஒப்படைப்பது என்று திம்மையா முடிவெடுத்தார். சீனாவுக்கும் பிடிக்கவில்லை, அமெரிக்காவுக்கும் முழு திருப்தி இல்லை. பஞ்சாயத்து பண்ணுகிறவனுக்கு இதுதானே எப்போதும் கிடைக்கும்? ஆனாலும் நடுநிலை தவறியவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியவில்லை. 1954-ல் பத்மபூஷண் விருது வந்தது.

இந்தக் கதைக்கு சென்னையில் ஒரு வால் உண்டு. எந்தப் பக்கமும் போகமாட்டோம் என்று சொன்ன 88 கைதிகளை இந்திய படை திரும்பும்போது தன்னோடு கப்பலில் அழைத்து வந்தது. 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கிய இடம் சென்னை துறைமுகம்.

மந்திரியோடு மோதல்

1957 மே மாதம் திம்மையா ராணுவ தலைமை தளபதி ஆனார். அதே ஆண்டுதான் வி.கே.கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரி ஆனார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. மேனன் மூளைக்காரர், பேச்சில் நெருப்பு, தளபதிகளை தூக்கி எறிந்து பேசுவார். சீன எல்லையில் ஆபத்து இருக்கிறது என்று திம்மையா எச்சரித்தார். மேனனோ எதிரி பாகிஸ்தான்தான் என்று உறுதியாக இருந்தார். சீனியர்களை தாண்டி பி.எம்.கவுல் என்ற அதிகாரிக்கு பதவி உயர்வு கொடுத்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

1959 ஆகஸ்டு கடைசி. வடகிழக்கு எல்லையில் லோங்ஜு என்ற இடத்தில் சீனப்படை நம் சிப்பாய்கள் மீது சுட்டது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்டு 31-ந் தேதி திம்மையா தன் ராஜினாமா கடிதத்தை பிரதமர் நேருவுக்கு அனுப்பினார்.

நேரு கூப்பிட்டு சமாதானம் பேசினார். கடிதத்தை வாபஸ் வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாங்கினார் திம்மையா. ஆனால் விஷயம் அதற்குள் பத்திரிகையில் கசிந்து நாடே பரபரத்தது. செப்டம்பர் 2-ந் தேதி பாராளுமன்றத்தில் நேரு எழுந்தார். திம்மையா பக்கத்து நியாயத்தை சொல்வார் என்று எதிர்பார்த்தால், தளபதி செய்தது சரியில்லை என்கிற மாதிரி பேசி, மேனனுக்கு ஆதரவாக நின்றுவிட்டார்.

வாபஸ் வாங்கியதுதான் அவர் செய்த தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று அன்றைக்கே வெளியே வந்திருந்தால் நாடு விழித்துக்கொண்டு இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஒரு ஜனநாயக நாட்டில் ராணுவ தளபதி பிரதமர் சொன்னதை கேட்டதில் என்ன தப்பு என்று இன்னொரு தரப்பு. பக்கத்து பாகிஸ்தானில் அப்போதுதான் ராணுவ தளபதி அயூப்கான் ஆட்சியையே பிடித்து உட்கார்ந்து இருந்தார். அந்த நேரத்தில் நம் தளபதி கோபத்தை கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

எப்படியோ, அதற்குப் பிறகு அவர் பேச்சு எடுபடவில்லை. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார். தனக்குப் பிறகு தோரட் வரவேண்டும் என்று சிபாரிசு செய்தார். வந்தது தாப்பர்.

ஓய்வு பெற்ற பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. 1962 ஜூலையில் செமினார் என்ற பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சீனாவோடு தனியாக முழுப்போரில் இறங்கும் பலம் நமக்கு இல்லை, அரசியல் வழியில்தான் பார்க்க வேண்டும் என்று உடைத்தே எழுதினார். மூன்றே மாதத்தில், அக்டோபர் 20-ந் தேதி சீனா பாய்ந்தது. சரியான கம்பளி சட்டை, ஷூகூட இல்லாமல் நம் சிப்பாய்கள் பனியில் செத்தார்கள். நவம்பருக்குள் மேனன் பதவி போனது. தாப்பர் பதவி போனது. கவுலும் வெளியே போனார். திம்மையா அப்போது அதிகாரம் எதுவும் இல்லாத மாஜி தளபதி.

சைப்ரஸில் முடிந்த மூச்சு

1964-ல் ஐ.நா. சபை கூப்பிட்டது. சைப்ரஸ் தீவில் கிரேக்க இனத்தவரும் துருக்கி இனத்தவரும் வெட்டிக்கொண்டு இருந்தார்கள். ஐ.நா. அமைதிப்படைக்கு தளபதியாக ஜூலை மாதம் திம்மையா போய்ச் சேர்ந்தார். போய் ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஆகஸ்டில் துருக்கி போர் விமானங்கள் தீவில் குண்டு வீசின. இன்னொரு பெரிய போர் வெடிக்கும் என்று உலகம் பயந்தது. சண்டை நிறுத்தம் வந்தபிறகு ஊர் ஊராக போய், இரண்டு தரப்பு ஆட்களையும் உட்கார வைத்து பேசுவதுதான் அமைதிப்படையின் வேலை. இங்கே ஒரு காவல் சாவடி, அங்கே ஒரு மூட்டை அரண் என்று ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்து. கொரியாவில் பழகிய கை அல்லவா!

1965 டிசம்பர் 18-ந் தேதி சைப்ரஸிலேயே மாரடைப்பு வந்து திம்மையா இறந்தார். வயது 59. பணியில் இருந்தபடியே போனார். உடல் விமானத்தில் கொண்டுவரப்பட்டு பெங்களூரில் அடக்கம் செய்யப்பட்டது.

அடுத்த ஆண்டே சைப்ரஸ் அரசு அவர் படம் போட்டு தபால் தலை வெளியிட்டது. லார்னகா நகரத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். பெங்களூரில் எல்லாரும் ரிச்மண்ட் ரோடு என்று சொல்கிறார்களே, அதன் பெயர் பலகையில் இருப்பதும் ஜெனரல் திம்மையா பெயர்தான்.

மடிக்கேரியில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு சன்னி சைடு என்று பெயர். அந்த வீட்டில் பல வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடந்தது. டிரைவிங் லைசென்ஸ் வாங்க வந்த எத்தனையோ பேர், இது யார் வீடு என்று தெரியாமலே வரிசையில் நின்றுவிட்டு போனார்கள். பிறகு அதை மீட்டு, பழுதுபார்த்து நினைவு அருங்காட்சியகமாக மாற்றினார்கள். 2021 பிப்ரவரி 6-ந் தேதி அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் நேரில் வந்து அதை திறந்து வைத்தார்.